முதுகு வேறு, மனசு வேறு

எனக்கு வந்திருக்கும் நோய்க்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. படுத்தால் கூடும், நடமாடினால் குறையும். விடிந்தும் விடியாத நேரத்தில் கட்டிலை விட்டுத் தானாக எழ முடியாத ஆள், சாயங்காலம் ஓரளவு நிமிர்ந்து நடப்பான். வேறு வேலையில் இருப்பவனுக்கு வந்திருந்தால் ஒருவேளை சமாளித்திருக்கலாம். நான் போலீஸ்காரன். காலையில் ரோல் காலுக்கு முதுகு வலி என்று சொல்லிவிட்டு அன்றைக்கே சாயங்காலம் வாலிபால் மைதானத்தில் நிற்பவனை, டிமிக்கி கொடுப்பவன் என்றுதான் சொல்வார்கள். என்னையும் அப்படித்தான் சொன்னார்கள்.

வலி தொடங்கியது ஆயுதப்படையில் இருந்தபோது. கல்யாணம்கூட ஆகவில்லை. இடுப்புக்குக் கீழே ஒருநாள் இடது பக்கம் வலிக்கும், மறுநாள் வலது பக்கம். பந்தோபஸ்துக்கு லாரியில் போய் இறங்கினால், முதல் பத்தடி கிழவனைப் போல நடப்பேன். கூட இருந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். எண்ணெய் தேய்த்தேன், பெல்ட் போட்டேன், வர்மம் பார்ப்பவரிடம் போய்க் கவிழ்ந்து படுத்தேன். எல்லாவற்றிலும் கொஞ்ச நாள் குணம் தெரியும், பிறகு பழையபடி. இப்படியே வருஷங்கள் போய், கல்யாணமாகி, மகள் பிறந்து, ஸ்டேஷன் டியூட்டிக்கு மாறி, ஏட்டாகி, தென்காசிக்கு வந்து குத்துக்கல்வலசையில் வீடும் கட்டிவிட்டேன்.

என்ன நோய் என்று கண்டுபிடித்தவர் ஒரு கண் டாக்டர். திடீரென்று ஒரு கண் ரத்தமாகச் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் அவரிடம் போனேன். அவர் கண்ணைப் பார்த்துவிட்டு, சம்பந்தமே இல்லாமல், காலையில் முதுகு இறுகிப்போய் இருக்குமா என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் எழுதிக்கொடுத்த சீட்டோடு திருநெல்வேலியில் மூட்டுவாதம் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போனோம். ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, முதுகெலும்பையே கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டவைத்து இறுக்கிவிடும் வாதம் இது என்றார் அவர். முற்றிலும் போகாது, ஆனால் மேற்கொண்டு இறுகாமல் பார்த்துக்கொள்ளலாம், மாத்திரை ஊசியோடு தினமும் உடற்பயிற்சியும் வேண்டும் என்றார்.

இதைக் கேட்டு இடிந்துபோயிருக்க வேண்டும். உண்மையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் பொய் சொல்லவில்லை என்பதற்குக் கறுப்பு வெள்ளையில் படமே இருக்கிறது. அந்த எக்ஸ்ரேயை எல்லாருக்கும் காட்ட வேண்டும் போல இருந்தது. "வாலிபால் கிரவுண்டுல கொண்டுபோயி மாட்டிவைங்க" என்றாள் என் மனைவி.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுந்தரபாண்டியபுரத்தில் விவசாயக் குடும்பத்துப் பெண். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். ஒரு பானைச் சோறு வெந்ததா இல்லையா என்பதை வாசத்திலேயே சொல்லிவிடுவாள். என்னையும் அப்படித்தான் கவனித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஊசி போடத் தொடங்கியதும் வலி நன்றாகவே குறைந்தது. மனசு விழுந்தது அதற்கப்புறம்தான். வலி உச்சத்தில் இருந்த வருஷங்களில் அதோடு மல்லுக்கட்டவே நேரம் சரியாக இருந்தது. அது கொஞ்சம் விலகியதும், இனிமேல் சாகும்வரை இப்படித்தான் என்பது தெளிவாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. ஒரே நாளில் வரவில்லை. முதலில் வாலிபால் பார்க்கப் போவதை விட்டேன். பிறகு பேப்பர் படிப்பதை. சாப்பாட்டில் உப்பு கூடியதா குறைந்ததா என்று தெரியவில்லை. ஸ்டேஷனில் என்னை எழுத்து வேலையில் உட்காரவைத்திருந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் வைத்தார்கள், ஆனால் என் நோய்க்கு உட்காருவதுதான் விஷம். சவரம் செய்து, இஸ்திரி போட்ட யூனிஃபார்மில் போவேன்; வெளியே யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன். மகள் அப்போது பத்தாம் வகுப்பு. ஏதாவது கேட்க வந்தால் அம்மாவிடம் கேட்கச் சொல்லிவிடுவேன். கொஞ்ச நாளில் அவள் வருவதையே நிறுத்திக்கொண்டாள்.

அந்த வருஷம் சாரல் தொடங்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. மலையிலிருந்து காற்று இறங்கி, கொடியில் கிடந்த துணியெல்லாம் ஈரமாகிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் அன்றைக்கு நான் டியூட்டி முடிந்து நேரே குற்றாலத்துக்கு வண்டியை விடுவேன். குளிப்பதற்கு இல்லை, பாறையில் வெள்ளைக் கோடாக முதல் தண்ணீர் இறங்குவதைச் சும்மா பார்த்துவிட்டு வருவதற்கு. இந்தப் பக்கத்தில் பிறந்த யாரும் செய்வதுதான். அன்றைக்கு நான் எழுந்திருக்கவில்லை. மனைவி துணிகளை அள்ளிக்கொண்டு வந்து நாற்காலியில் போட்டுவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க வலிக்குன்னு சொல்லி எத்தன நாளாச்சு, தெரியுமா?" என்றாள்.

"வலி கொறஞ்சிருக்குல்லா."

"கொறஞ்சா அதையாவது சொல்லணும்லா. நீங்க வலிக்குங்கதையும் சொல்லல, வலிக்கலங்கதையும் சொல்லல. எனக்கு அதுதான் பயமா இருக்கு."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த முறை திருநெல்வேலிக்கு ஊசி போடப் போனபோது, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சாப்பாடு, தூக்கம், சுவர், மகள், சாரல். எனக்குக் கோபம் வந்தது. டாக்டரம்மா அவளைக் கேட்டு முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். காலையில் கண் விழித்ததும் முதலில் என்ன நினைப்பீர்கள் என்று கேட்டார். மறைக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அப்படி நேராக யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"ஏன் விடிஞ்சுதுன்னு நெனப்பேன்" என்றேன்.

இத்தனை நாள் ஒரே கட்டிலில் பக்கத்தில் படுத்திருந்தும் மனைவிக்கு அது தெரியாது.

நெடுநாள் வலியோடு இருப்பவர்களுக்கு இது வருவது சகஜம் என்றார் டாக்டரம்மா. இதே நோய் உள்ள பலரை அவர் இதற்காக மேல்மாடிக்கு அனுப்பியிருக்கிறாராம். மேல்மாடியில் மனநல டாக்டர். அன்றைக்கே பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். நான் இன்னொரு நாள் வருகிறேன் என்றேன். விஷயம் டிபார்ட்மெண்டில் தெரிந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் யோசனை. ஏட்டுக்குப் புத்தி சரியில்லை என்று ஒரு வார்த்தை கிளம்பினால் போதும், ஓய்வு பெறும்வரை கூடவே வரும். லிஃப்டில் கூட்டமாக இருக்கிறது என்று ஒரு சாக்கும் சொன்னேன். மனைவி என் பையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போய் நின்றாள். "படி ஏறுதது உங்களுக்கு நல்லதுன்னு டாக்டரம்மாதான சொல்லியிருக்காவ" என்றாள்.

மனநல டாக்டர் பார்க்க பேங்க் மேனேஜர் போல இருந்தார். நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டார். செத்துப்போகலாம் என்று தோன்றியிருக்கிறதா என்று கேட்டார். போகலாம் என்று தோன்றவில்லை, ஆனால் தூக்கத்திலேயே போய்விட்டால் நல்லது என்று தோன்றியிருக்கிறது என்றேன். அதை எழுதிக்கொண்டு, அதே குரலில், ஸ்டேஷனில் பாரா டியூட்டி உண்டா என்று கேட்டார். பாரா என்றால் துப்பாக்கியோடு காவல் நிற்பது. எனக்கும் அவ்வப்போது போடுவார்கள். அவர் எதற்காகக் கேட்கிறார் என்று எனக்கும் புரிந்தது, மனைவிக்கும் புரிந்தது.

"கொஞ்ச நாளைக்கு அது எனக்கு வேண்டாம் சார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நல்லது, அதை உங்கள் அதிகாரியிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார். மாத்திரை கொடுத்தார். வேலை செய்யச் சில வாரம் ஆகும், அதற்குள் நிறுத்திவிடக் கூடாது, இரண்டு வாரத்தில் திரும்ப வர வேண்டும் என்றார்.

எங்கள் இன்ஸ்பெக்டர் அப்போது ஒரு அம்மா. அதிகம் பேச மாட்டார். மறுநாள் அவர் அறைக்குப் போனபோது முதுகைக் காரணம் சொல்லிச் சமாளித்துவிடலாம் என்றுதான் போனேன். சல்யூட் அடித்துவிட்டு நின்றதும், என்னவோ, உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டேன். மனநல டாக்டர் என்ற வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிட்டது. அவர் பேனாவை மூடி வைத்தார்.

"வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

"அவதான் கூட்டிட்டுப் போனா மேடம்."

"சரி. பாரா போட வேண்டாம்னு நான் சொல்லிக்கிறேன். யாரும் கேட்டா முதுகுன்னு சொல்லுங்க. அதுவும் பொய் இல்லல்லா."

நான் நன்றி சொல்லித் திரும்பும்போது மறுபடி கூப்பிட்டார். உட்கார்ந்தால்தானே வலி கூடும் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் சீசன் முடியும்வரை குற்றாலத்தில் மைக் டியூட்டிக்குப் போங்கள், அங்கே உட்கார நேரம் இருக்காது என்றார். அவர் யோசித்துச் சொன்னாரா, ஆள் பற்றாக்குறைக்குச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

மெயின் அருவிக்கு எதிரே போலீஸுக்கு ஒரு சின்ன அறை. அதில் ஒரு மைக், ஒரு நாற்காலி, ஈரம் காயாத ஒரு மேஜை. காலையிலிருந்து பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பாறை மேல் ஏறாதீர்கள், சோப்பு ஷாம்பு போடாதீர்கள், நகைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆண்கள் பகுதியில் குளித்தவர்கள் அடுத்தவர்களுக்கு வழிவிடுங்கள். தண்ணீர் கூடி அருவிக்கு முன்னால் கட்டியிருக்கும் வளைவைத் தாண்டி விழ ஆரம்பித்தால் எல்லாரையும் வெளியேற்ற வேண்டும். செங்கோட்டை வழியாக மலையாளிகள் கூட்டம் கூட்டமாக வருவதால் அவர்களுக்காகவும் இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டும். நல்ல வேளையாக, வழுக்கும் என்பதற்கு இரண்டு பாஷையிலும் ஒரே வார்த்தை.

என்னோடு அந்த அறையில் ஒரு பெண் போலீஸ். கடையநல்லூர்க்காரி, சர்வீஸுக்கு வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. கூட்டத்தில் பெற்றோரைத் தவறவிட்ட பிள்ளைகளைச் சமாளிப்பது அவள் பொறுப்பு. அழும் பிள்ளையின் கையில் ரம்புட்டான் பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு, ஊர் பேர் விசாரிப்பாள். முதல் நாள் நான் மைக்கில் பேசி முடித்ததும் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்காதிய. துட்டிச் சேதி சொல்லுத மாதிரி இருக்கு."

சாவுச் செய்தி சொல்வதுபோல என்று அவள் சொன்னது சரிதான். என் குரலில் ஒன்றுமே இல்லை. அவளுக்காகக் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பேசிப் பார்த்தேன். நடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் சில வாரம் மாத்திரையால் நாக்கு வறண்டதும் மதியம் தூக்கம் வந்ததும்தான் மிச்சம். வீட்டுக்குப் போனால் பழையபடி சுவர். ஆனால் நாள் முழுக்க நின்றுகொண்டும் அறைக்குள்ளேயே நடந்துகொண்டும் இருந்ததில் முதுகு லேசாயிற்று. மைக் ஒயர் போகும் தூரம்வரை நடப்பேன். மற்றபடி, ஆயிரம் பேர் கத்திக்கொண்டு தண்ணீருக்குள் ஓடுவதை எதிரே நின்று பார்த்துக்கொண்டிருப்பதால் மட்டும் மனசு சரியாகிவிடாது. முதலில் எனக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது. இவர்களுக்கு அப்படி என்ன சந்தோஷம் என்று நினைப்பேன்.

ஒருநாள் யாரோ தண்ணீர் ஓடும் வாய்க்காலில் கிடந்த ஒரு பல்செட்டை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார்கள். மேல்வரிசை. "பல்செட் ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது, உரியவர் அடையாளம் கூறிப் பெற்றுக்கொள்ளலாம்" என்று என் துட்டிக் குரலில் அறிவித்தேன். கொஞ்ச நேரத்தில் ஈர வேட்டியோடு ஒரு பெரியவர் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். அடையாளம் என்ன என்று கேட்பதா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள் பின்னாலேயே இன்னொருவர் வந்துவிட்டார். அவருக்கும் பல்செட்டைக் காணோம். இரண்டு பேரும் அது என்னுடையதுதான் என்கிறார்கள். கடைசியில் முதலில் வந்தவர் அதைக் குழாயில் கழுவி வாயில் மாட்டிப் பார்த்து, மறுபடி கழற்றி, "இது எனக்குள்ளது இல்ல, அவரு போட்டுப் பாக்கட்டும்" என்று மற்றவரிடம் நீட்டினார். பெண் போலீஸ் வெளியே ஓடிவிட்டாள். நான் மைக்கை அணைக்க மறந்துவிட்டுச் சிரித்தேன். அருவி முழுக்கக் கேட்டிருக்கும். என் நோயில் விலா எலும்பும் இறுகியிருக்கும், சிரித்தால் பிடித்துக்கொள்ளும். பிடித்தது. எனக்கு அதுவும் பிடித்திருந்தது.

அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை டியூட்டி முடிந்து வீட்டுக்கு வரும்போது, பார்டரில் போய் பரோட்டா சாப்பிட வேண்டும் என்று தோன்றியது. செங்கோட்டை தாண்டி கேரளா போகும் வழியில் சாலையோரம் வரிசையாகக் கடைகள். நாங்கள் எல்லாருமே பார்டர் என்றுதான் சொல்வோம். இன்னது தின்ன வேண்டும் என்று எனக்குத் தோன்றி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். வாசலில் நின்றபடியே மனைவியிடம் சொன்னேன். அவள் உடனே அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு, மகளைக் கூப்பிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டாள். தோசைக்கு அரைத்த மாவு மூடாமல் கிடந்ததைத் திரும்பி வந்துதான் பார்த்தோம். அன்றைக்கு மிளகு போட்ட கோழியின் காரம் நாக்கில் தெரிந்தது. மகள் தன் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே, பிளஸ் ஒன் கணக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னிடம் சொல்ல ஆரம்பித்தாள். எனக்கு அந்தக் கணக்கு ஒன்றும் புரியாது. கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று முடித்துவிடலாம். ஆனால் சீசன் முடியப்போகும் சமயத்தில் ஒரு அம்மா எங்கள் அறைக்கு வந்தார். சங்கரன்கோவில் பக்கம். வீட்டுக்காரரைக் காணோம், குளிக்கப் போனவர் வரவில்லை என்றார். ஆள் எப்படி இருப்பார், என்ன சட்டை என்று கேட்டேன். சட்டை என் கையில்தான் இருக்கிறது என்று காட்டிவிட்டு, தயங்கினார்.

"அவியளுக்கு முதுகு நிமிராது சார். தரையப் பாத்துதான் நடப்பாவ. வயசுப் புள்ளையா இருக்கையிலயே ஆரம்பிச்சுது. எலும்பு ஒட்டிக்கிச்சுன்னு சொன்னாவ."

இதை எப்படி மைக்கில் சொல்வது? கூன் விழுந்தவர் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் பெயரையும் ஊரையும் மட்டும் சொல்லி, உங்கள் மனைவி காவல் அறையில் காத்திருக்கிறார் என்று திரும்பத் திரும்ப அறிவித்தேன். நெடுநேரம் கழித்து அவர் வந்தார். அறுபதைத் தாண்டிய ஆள். இடுப்பிலிருந்து வில்லாக வளைந்து, முகம் தரையைப் பார்த்திருந்தது. என்னைப் பார்க்க உடம்பையே பக்கவாட்டில் சாய்த்து, கண்ணை மேலே உருட்டினார். என் நோய்தான். மருந்து பார்க்காமல் விட்டால் எங்கே போய் நிற்கும் என்று டாக்டரம்மா படத்தில் காட்டியது, சொட்டச் சொட்ட ஈரத்தோடு என் முன்னால் நின்றது.

"எங்க போயித் தொலைஞ்சிய?" என்றார் அந்த அம்மா.

"நான் எங்க தொலைஞ்சேன்? குளிச்சிட்டுல்லா இருந்தேன். ஏட்டையா பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டதுல நிம்மதியா ஒரு குளி குளிக்க முடியல."

துண்டை எங்கே வைத்தாய், வேன் காத்திருக்குமா என்று இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். அந்த அம்மா நடக்கும்போதே அவர் தலையைத் துவட்டிக்கொண்டு போனார்.

அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். எனக்கு அது அப்போது உதவவில்லை. அன்றிரவும் அதற்கடுத்த நாட்களிலும் நான் பயந்துபோய்க் கிடந்தேன். கண்ணாடி முன்னால் நின்று கழுத்து முன்னால் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். பழைய சுவர் திரும்பி வந்துவிட்டது. மனைவி கேட்டபோது, முதுகு மோசமாக இருக்கிறது என்றேன். அவள் நம்பவில்லை. காலையில்தான் முழு உடற்பயிற்சியும் செய்ததைப் பார்த்திருக்கிறாள்.

"முதுகு மோசமா, மனசு மோசமா?" என்றாள். "ரெண்டையும் ஒண்ணாச் சேத்துச் சொல்லாதிய. தனித்தனியாச் சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தேன். முதுகு சுமாராகத்தான் இருந்தது. மனசுதான் மோசம். அப்படிப் பிரித்துச் சொன்னதும், ஏனென்று தெரியவில்லை, இரண்டுமே கொஞ்சம் கைக்கு அடக்கமாகிவிட்டதுபோல் இருந்தது. அந்தப் பெரியவரைப் பற்றி முழுவதும் அவளிடம் சொன்னேன். அடுத்த தடவை திருநெல்வேலி போனபோது இரண்டு டாக்டர்களிடமும் சொன்னேன். மூட்டு டாக்டரம்மா என்னைச் சுவரோடு சேர்த்து நிறுத்தி, தலையின் பின்பக்கம் சுவரில் முட்டுவதைக் காட்டினார். அந்தப் பெரியவரின் இளவயதில் இந்த ஊசியெல்லாம் கிடையாது, அவருடைய முதுகு உங்கள் முதுகு இல்லை என்றார். மேல்மாடி டாக்டர், பயந்ததில் தவறில்லை, பயத்தை வீட்டில் சொன்னதுதான் முன்னேற்றம் என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காலையில் இரண்டு ரிப்போர்ட். டீ கொடுக்கும்போது மனைவி கேட்பாள். "முதுகு சுமார், மனசு நல்லாருக்கு" என்பேன். அல்லது "முதுகு மோசம், மனசு பரவால்ல." மகள் வயர்லெஸ்ஸில் பேசுவதுபோல "ரிசீவ்டு, ஓவர்" என்பாள். பிறகு மனைவியும் தன் ரிப்போர்ட்டைச் சொல்ல ஆரம்பித்தாள். அவளுக்கு முழங்கால் வலி இருந்ததே எனக்கு அப்படித்தான் தெரியவந்தது.

ஐப்பசி மழையில் மறுபடி ஒருமுறை சரிந்தேன். வெயில் இல்லாத நாட்களில் எனக்கு அப்படி ஆகிறது. ஆனால் அந்தத் தடவை சுவர்வரை போகவில்லை. மனசு ரிப்போர்ட் ஒரு வாரமாக மோசம் என்று ஆனதும் மனைவி என்னைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். மாத்திரை அளவைக் கூட்டினார்கள். தை பிறந்தபோது சரியாக இருந்தேன்.

இது நடந்து சில வருஷம் ஆகிறது. இப்போதும் மாத்திரை உண்டு, முன்னைவிடக் குறைந்த அளவில். கழுத்து கொஞ்சம் இறுகித்தான் இருக்கிறது. வண்டியில் பின்னால் வருவதைத் திரும்பிப் பார்க்க முடியாது என்பதால் இரண்டு பக்கமும் பெரிய கண்ணாடி வைத்திருக்கிறேன். மைக் டியூட்டிக்கு ஒவ்வொரு சீசனிலும் நானே கேட்டுப் போகிறேன். சீசன் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நானும் மனைவியும் புலியருவிக்குப் போவோம். அங்கே தண்ணீர் மெதுவாக விழும். கழுத்தில் நேராக விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பதால் நான் ஓரமாக நின்று இடுப்பைக் காட்டுவேன். குளிர்ந்த தண்ணீரில் முதுகு முதலில் விறைக்கும். பிறகு சட்டென்று விட்டுக்கொடுக்கும். அந்த நிமிஷத்துக்காகவே போகிறேன். வெளியே வந்ததும் மனைவி ஃபிளாஸ்கில் கொண்டுவந்த சுக்குக்காபியை ஊற்றித் தருவாள். பல்லெல்லாம் கிடுகிடுக்கக் குடிப்போம்.

போன மாசம், என்னோடு ஆயுதப்படையில் இருந்த ஒருவர் வீட்டுக்கு வந்தார். என்னை டிமிக்கி என்று முதலில் கூப்பிட்டவர்களில் அவரும் ஒருவர். விபத்தில் கால் உடைந்து பிளேட் வைத்திருக்கிறது. நடக்கிறார், ஆனால் வலி போகவில்லை. நெடுநேரம் உட்கார்ந்து டிரான்ஸ்பர், மழை, பண்பொழி கோயிலுக்குப் போய்வந்தது என்று என்னவெல்லாமோ பேசினார். காபி ஆறிப்போயிற்று. கிளம்ப எழுந்தவர் வாசற்படியில் நின்று, ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"திருநெல்வேலியில அந்த மேல்மாடி டாக்டரு, எந்தக் கிழம இருப்பாரு?"

என்னைப் பற்றி அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு மட்டும்தான் தெரியுமா, எல்லாருக்குமே தெரியுமா என்றும் தெரியவில்லை. ஒரு காலத்தில் அந்தக் கேள்வி என்னைக் கொன்றிருக்கும். இப்போது கிழமையைச் சொன்னேன். துப்பாக்கி டியூட்டி உண்டா என்று கேட்டேன். இல்லை, டிரைவர் வேலைதான் என்றார். நானும் வரட்டுமா என்று கேட்டேன். வந்தால் நல்லது என்றார்.

இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். அவர் உள்ளே போயிருந்த நேரமெல்லாம் நான் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன். வெளியே வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கினோம், ஒரு ஹோட்டலில் சாப்பிட்டோம். சாம்பாரில் உப்பு கம்மி என்று அவர் சர்வரைக் கூப்பிட்டுச் சொன்னார். அது எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது.

திரும்பும்போது பஸ் பாதி காலியாக இருந்தது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்த உடனேயே தூங்கிவிட்டார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சீட் கிடக்கிறதே, உட்காருங்கள் என்று கண்டக்டர் இரண்டு தடவை சொன்னார். நிற்பதுதான் எனக்குச் சுகம் என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனால் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஆலங்குளம் கடந்து, பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி மூட்டைகளோடு ஆட்கள் ஏறி பஸ் நிறைந்தது. அதைத் தாண்டியதும் எதிரே மலை தெரிந்தது. உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. நாளைக்குச் சாரல் விழும் போலிருக்கிறது என்று மனைவிக்கு ஃபோன் செய்து சொன்னேன்.